அகச்சிவப்புக் கேமரா: மறுபடி கழற்றுவதற்கு முன்

இலை வெள்ளையாகத் தெரியும் அகச்சிவப்புப் படங்களுக்காகப் பழைய டிஜிட்டல் கேமராவைத் திறந்து, படம் பதியும் சென்சாருக்கு முன்னால் இருந்த நீலப்பச்சைக் கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அகச்சிவப்பு ஃபில்டரை வைத்து மூடிவிட்டீர்கள். முதல் படம் நினைத்தபடி வரவில்லை. கை தானாகவே ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மேசையில் ஏழெட்டுக் கேமராக்களை இப்படி மாற்றியிருக்கிறேன். அவற்றில் இரண்டு கெட்டுப்போயின. இரண்டுமே முதல் தடவை திறந்தபோது நன்றாகத்தான் இருந்தன. படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மறுபடி திறந்தபோதுதான் ஒன்றில் ரிப்பன் கேபிளைப் பிடித்திருக்கும் சின்னத் தாழ்ப்பாள் உடைந்தது, இன்னொன்றில் ஸ்க்ரூ மரை தேய்ந்து சென்சார் நேராக உட்காராமல் போனது. பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டிலும் நான் தேடிய கோளாறு கேமராவுக்குள் இல்லவே இல்லை. அதனால்தான் இதைத் திறக்காமலே எவ்வளவு கண்டுபிடிக்கலாம் என்ற கோணத்தில் எழுதுகிறேன்.

அடிப்படை இதுதான். நம் கண் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகிலேயே நின்றுவிடும். சிலிக்கான் சென்சார் கிட்டத்தட்ட 1,100 வரை பார்க்கும். அதை அப்படியே விட்டால் நிறமெல்லாம் குழம்பும் என்பதால், தயாரிப்பவர்கள் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை முன்னால் வைக்கிறார்கள். நாம் அதை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் கண்ணாடியை வைக்கிறோம். 720 நானோமீட்டர் ஃபில்டர்தான் பெரும்பாலானவர்கள் வைப்பது. சிலர் வெறும் கண்ணாடியை உள்ளே வைத்து, ஃபில்டரை லென்ஸுக்கு வெளியே மாட்டிக்கொள்வார்கள். ஆக, மாற்றிய கேமராவில் படம் சரியில்லை என்றால் காரணம் உள்ளே வைத்த கண்ணாடியில் இருக்கும், அல்லது அது சென்சாரின் தூரக் கணக்கில் செய்த மாற்றத்தில் இருக்கும், அல்லது நீங்கள் படமெடுத்த வெளிச்சத்தில் இருக்கும். மீதியெல்லாம் கழற்றி மாட்டியதில் வரும் கைப்பிழை.

திறக்கும் முன் செய்திருக்க வேண்டியது

இன்னும் திறக்காதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கேமராவை வாங்கியவுடன், மாற்றும் முன், நான்கு படங்கள் எடுத்து வையுங்கள்: தூரத்து மலை, கைக்கெட்டும் தூரத்தில் செய்தித்தாள், வெள்ளைச் சுவர், மூடி போட்ட லென்ஸ். பின்னால் எது புதிய கோளாறு, எது பழைய கோளாறு என்று பிரிக்க இந்த நான்கும்தான் உதவும். 2005-ல் பல கேமரா நிறுவனங்கள் தங்கள் சில மாடல்களில் சிசிடி என்ற வகைச் சென்சார் பழுதாகலாம் என்று அறிவித்தன. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சென்சாருக்குள் இணைப்பு விட்டுப்போகும். படம் ஊதாவாக, கோடுகோடாக வரும், அல்லது முழுக்கக் கறுப்பாகிவிடும். நம் ஊர் வெயிலில் இருபது வருடம் பீரோவில் கிடந்த கேமராவில் இது வந்தால் ஆச்சரியமில்லை. முதலிலேயே பார்க்காவிட்டால், நீங்கள் கண்ணாடி மாற்றியதால் வந்ததாக நினைத்து வீணாக அலைவீர்கள்.

அப்புறம், உயிர் பயம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஃப்ளாஷ் கெபாசிட்டர். பாட்டரியை எடுத்துவிட்டாலும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், நாள்கணக்கில் நிற்கவும் செய்யும். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முனையையும் சேர்த்துப் பொறி பறக்கவிடும் பழக்கத்தைச் சிலர் சொல்லித்தருவார்கள். வேண்டாம். அந்தப் பொறி போர்டையே எரித்துவிடும். 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு காலிலும் நன்றாக உறை போட்ட ஒயரைப் பற்றவைத்து, கெபாசிட்டர் முனைகளில் சில வினாடி பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரை டிசி 600 வோல்ட் அல்லது அதற்கு மேல் வைத்து அளந்து பாருங்கள். 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் விரல் உள்ளே போகலாம். இதைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும். இடையில் ஒருமுறை பாட்டரி போட்டுச் சோதித்திருந்தால் கெபாசிட்டர் மறுபடி நிரம்பியிருக்கும்.

உயிரே வரவில்லை, அல்லது லென்ஸ் பிழை காட்டுகிறது

பாட்டரி மூடியைப் பாருங்கள். சின்னக் கேமராக்களில் மூடிக்குள் ஒரு நெம்புகோல் சுவிட்ச் இருக்கும். மேலுறையை மாட்டும்போது அது நகர்ந்துவிட்டால் கேமரா மூடி திறந்திருப்பதாகவே நினைக்கும். அது சரியென்றால் ரிப்பன் கேபிள். முக்கால்வாசி நேரம் இதுதான். கேபிள் அரை மில்லிமீட்டர் சாய்வாக உட்கார்ந்திருந்தாலும் போதும், கேமரா விழிக்காது. இதற்கு மட்டும் திறந்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

லென்ஸ் வெளியே வந்து நடுவில் நின்று, கரகரவென்று சத்தம் போட்டுத் திரும்பினால், பின்பக்கம் சென்சார் தட்டின் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முடுக்கியிருக்கலாம். ஆட்டோஃபோகஸ் லென்ஸ் பின்னால் வரும்போது உங்கள் புதிய கண்ணாடியில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். மணல் புகுந்திருந்தாலும் இதே சத்தம் வரும். பாலாற்றில் ஒருநாள் காற்றில் நின்று படமெடுத்தாலே மணல் போதும்.

படம் கறுப்பு

ஷட்டர் சத்தம் கேட்கிறது, மெனு தெரிகிறது, படம் மட்டும் இருட்டு. உடனே பயப்படாதீர்கள். எங்கே எடுத்தீர்கள்? வீட்டுக்குள் எல்இடி விளக்கில் எடுத்திருந்தால் கறுப்பாகத்தான் வரும். எல்இடி விளக்கிலும் டியூப்லைட்டிலும் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. பழைய குண்டு பல்பைப் போட்டு எடுங்கள். அதில் வரும் ஒளியில் பெரும்பங்கு அகச்சிவப்புதான். குண்டு பல்ப் கிடைக்காவிட்டால் டிவி ரிமோட்டை லென்ஸுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். ரிமோட்டின் முனை திரையில் பளிச்சென்று எரிந்தால் சென்சார், கேபிள், கண்ணாடி மூன்றும் சரி. திறக்கும் முன்பும் இதைச் செய்து பார்த்திருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அப்போது மங்கலாக ஒரு புள்ளியாகத் தெரிந்திருக்கும், அல்லது தெரிந்தே இருக்காது.

திரையில் பார்க்கும் வசதியில்லாத பழைய எஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாட்டும், உள்ளே ஆடி வைத்த பெரிய கேமரா) என்றால் ரிமோட்டை அழுத்திப் பிடித்தபடி ஒரு வினாடி ஷட்டரில் படம் எடுத்துப் பாருங்கள்.

எல்லாமே சிவப்பு

இது கோளாறே கிடையாது. ஆனால் என்னிடம் வரும் புகார்களில் பாதி இதுதான். அகச்சிவப்பு வெளிச்சம் சென்சாரின் சிவப்புப் பிக்சல்களில் அதிகமாகவும் பச்சை, நீலப் பிக்சல்களில் குறைவாகவும் விழும். எது வெள்ளை என்று கேமரா தானாகக் கணிக்கும் வெள்ளைச் சமநிலைக்கு இப்படி ஒரு வெளிச்சத்தை அறிமுகமே கிடையாது. கஸ்டம் வெள்ளைச் சமநிலையைத் தேர்ந்தெடுத்து, நல்ல வெயிலில் நிற்கும் பச்சைப் புல்லைத் திரை முழுக்க நிரப்பி அளவெடுங்கள். வெள்ளைத் தாளை வைத்து எடுப்பதைவிட இதுதான் நல்லது. அகச்சிவப்பில் இலைதான் வெள்ளை. அளவெடுத்த உடனேயே சிவப்பு வடிந்து, இலை வெண்மையாகவும் வானம் செங்காவியாகவும் மாறும்.

சில கேமராக்கள் இந்த அளவை ஏற்க மறுக்கும். அப்போது ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்துக் கணினியில் சரிசெய்ய வேண்டும். அங்கேயும் ஒரு இடறல் இருக்கிறது: சில மென்பொருள்களில் வண்ண வெப்பநிலை 2,000 கெல்வினுக்குக் கீழே இறங்காது, படம் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடும். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். அவற்றில் இலையைத் தொட்டு வெள்ளையைச் சொல்லிக்கொடுத்தால் கேட்டுக்கொள்ளும். ரா வசதியில்லாத பழைய கேனான் பவர்ஷாட் என்றால், பல மாடல்களுக்கு சிஎச்டிகே என்ற மென்பொருளை மெமரி கார்டில் போட்டு ரா எடுக்கலாம்.

வானம் காவி நிறத்தில் இருப்பது பிடிக்கவில்லை என்றால், கிம்ப்பில் சேனல் மிக்சரைத் திறந்து சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றுங்கள். வானம் நீலமாகிவிடும். 850 நானோமீட்டர் ஃபில்டர் போட்டவர்கள் இதற்காகச் சிரமப்பட வேண்டாம். அதில் மூன்று நிறப் பிக்சல்களும் ஒரேமாதிரி பார்ப்பதால் மாற்றுவதற்கு நிறமே இருக்காது. கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள், அதன் அழகே அதில்தான்.

தூரத்தில் எதுவும் தெளிவாக இல்லை

இதில் கொஞ்சம் நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் உண்மையான கோளாறு என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இதுதான்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். "அண்ணா, பக்கத்துல பூ எடுத்தா கத்தி மாதிரி இருக்கு. கோட்டையை எடுத்தா மட்டும் கலங்குது. லென்ஸ் போயிடுச்சா?"

"உள்ள என்ன கண்ணாடி வச்ச?"

"எதுவும் வைக்கலண்ணா. பழசை எடுத்துட்டு அப்படியே மூடிட்டேன். ஃபில்டரை வெளிய மாட்டிக்கலாம்னு."

விஷயம் அவ்வளவுதான். லென்ஸிலிருந்து குவிந்து வரும் ஒளியின் பாதையில் ஒரு கண்ணாடித் தகடு இருந்தால், குவியும் இடம் அந்தத் தகட்டின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்னால் தள்ளிப்போகும். கேமரா செய்தவர்கள் அந்தக் கணக்கை வைத்துத்தான் சென்சாரைப் பொருத்தியிருக்கிறார்கள். தகட்டை எடுத்துவிட்டால் படம் சென்சாருக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்ணாடி இல்லாதது போல.

எவ்வளவு கிட்டப்பார்வை என்று கணக்குப் போட்டால் பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். 1.2 மில்லிமீட்டர் கண்ணாடியை எடுத்துவிட்ட எஸ்எல்ஆரில் படம் 0.4 மில்லிமீட்டர் முன்னால் குவியும். 50 மி.மீ. லென்ஸை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கான நிலையில்) வைத்தால் சுமார் 6 மீட்டரில் உள்ளதுதான் தெளிவாகத் தெரியும். 18 மி.மீ. லென்ஸ் என்றால் 80 சென்டிமீட்டர்! சட்டைப்பைக் கேமராவில் கண்ணாடி மெலிது, ஆனால் லென்ஸின் குவியத் தூரமும் சின்னது: 6 மி.மீ. லென்ஸில் 0.6 மி.மீ. கண்ணாடியை எடுத்தால் 18 சென்டிமீட்டரோடு பார்வை நின்றுவிடும். லென்ஸ் முடிவிலியைத் தாண்டிச் சற்றுப் பின்னால் போக இடமிருந்தால் இந்த நிலை கொஞ்சம் தேறும். அகச்சிவப்பு ஒளி இயல்பாகவே சற்றுப் பின்னால் குவிவதும் கொஞ்சம் உதவும். முழுதாக ஈடுகட்டாது.

எடுத்த கண்ணாடியின் தடிமனுக்கே புதிய கண்ணாடி வையுங்கள். வெர்னியர் காலிபரில் அளங்கள். சும்மா கண்ணால் பார்த்து வைக்காதீர்கள். வெறும் கண்ணாடிதான் வேண்டும் என்றால் நுண்ணோக்கி ஸ்லைடு நல்லது. தெளிவான கண்ணாடி, பெரும்பாலும் 1 முதல் 1.2 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலம். மருத்துவமனைகளும் கல்லூரிகளும் நிறைந்த வேலூரில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதிலும் மெலிதாக வேண்டும் என்றால் ஸ்லைடின் மேல் மூடும் கவர் கிளாஸ் 0.17 மி.மீ. அளவுதான் இருக்கும். வெட்டுவதற்குக் கண்ணாடிக் கடைக்காரர் வைத்திருக்கும் வைரமுனைக் கட்டர் போதும். இரண்டு மூன்று ஸ்லைடு உடையும், அதற்குத் தயாராக வாங்கிக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த அகச்சிவப்புக் கண்ணாடியில் கைவைக்கும் முன் ஸ்லைடில் பழகுவது நல்லது.

சரியான தடிமன் கிடைக்கவே இல்லை, கொஞ்சம் கூடவோ குறையவோதான் இருக்கிறது என்றால், கூடுதல் பக்கம் போங்கள். தடிமன் கூடினால் மிக அருகில் எடுக்கும் திறன் கொஞ்சம் குறையும், மலையும் கோட்டையும் தெளிவாகவே இருக்கும். குறைந்தால் எதிர்ப்பக்கம். நம் ஊரில் அகச்சிவப்பில் எடுக்க வேண்டியது பெரும்பாலும் தூரத்தில்தான் இருக்கிறது.

அந்தத் தம்பியின் கேமராவில் ஸ்லைடு வைத்தோம். அன்று மாலையே கோட்டை மதிலின் கல் வரிசைகளை எண்ணும்படியான படத்தை அனுப்பினான்.

எஸ்எல்ஆரில் மட்டும், கண்ணாடி சரியான தடிமனில் இருந்தும் ஆட்டோஃபோகஸ் தவறும்

அகச்சிவப்பு சற்றுப் பின்னால் குவியும் என்று மேலே சொன்னேன் அல்லவா. எஸ்எல்ஆரில் ஃபோகஸ் அளக்கும் சென்சார் தனியாகக் கீழே இருக்கிறது; அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை நம்பி அளக்கிறது. படம் பிடிக்கும் சென்சாரோ அகச்சிவப்பைப் பார்க்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி லென்ஸுக்கு லென்ஸ் மாறும். சட்டைப்பைக் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை, அது படம் விழும் சென்சாரைப் பார்த்தே ஃபோகஸ் செய்கிறது. முதல் முயற்சிக்கு எஸ்எல்ஆரைவிடச் சின்னக் கேமரா நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

சோதனை எளிது. முக்காலியில் வைத்து, ஒரு சுவரில் சாய்வாக ஒட்டிய அளவுகோலை எடுங்கள். ஃபோகஸ் வைத்த எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள எண் தெளிவாக இருந்தால் எவ்வளவு விலகல் என்று தெரிந்துவிடும். பழைய லென்ஸ்களில் தூர அளவுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளியோ கோடோ இருக்கும். அது அகச்சிவப்புக்கான குறிதான். ஃபிலிம் காலத்தில் முதலில் சாதாரணமாக ஃபோகஸ் செய்துவிட்டு அந்தக் குறிக்கு வளையத்தை நகர்த்துவார்கள். அது நமக்கும் உதவும்.

ஒரே லென்ஸைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள், கேமராவுக்குள் ஆடியை நிறுத்தும் இடத்தில் உள்ள மிகச்சிறிய அறுகோண ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யலாம். பல மாடல்களில் லென்ஸைக் கழற்றினாலே அது தெரியும், உடலைத் திறக்க வேண்டாம். திருப்பும் முன் அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸின் துளையைச் சின்னதாக வைத்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று எஃப் 16-க்கு ஓடாதீர்கள் (எஃப் எண் கூடக்கூடத் துளை சின்னதாகும்). அலைநீளம் கூடினால், துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதும் கூடும். 800 நானோமீட்டரில் எஃப் 11 வைத்தால், சாதாரணப் படத்தில் எஃப் 16 வைத்த அளவு மென்மையாகிவிடும். எஃப் 5.6 முதல் 8 வரை இருங்கள்.

ஒரு பக்கம் தெளிவு, மறு பக்கம் மங்கல்

சென்சார் சாய்ந்திருக்கிறது. பழைய எஸ்எல்ஆர்களில் சென்சார் தட்டுக்கு அடியில் மெலிதான உலோக வாஷர்கள் இருக்கும், ஒவ்வொரு மூலையிலும் வேறு வேறு எண்ணிக்கையில். கழற்றும்போது ஒன்று மேசைக்கடியில் உருண்டு போயிருந்தால் இப்படித்தான் ஆகும். வேறு சில கேமராக்களில் ஸ்ப்ரிங்குக்கு மேல் மூன்று ஸ்க்ரூ நிற்கும். அவற்றைக் கழற்றும் முன் முழுதாக முடுக்கிப் பார்த்து, எத்தனை சுற்று ஆனது என்று எழுதிவைத்திருக்க வேண்டும். எழுதவில்லை என்றால், செங்கல் சுவரை நேராக எடுத்து, நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்து, கால் சுற்றாகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்வதுதான் வழி. ஒரு மாலை முழுக்கப் போகும்.

ஆனால் அதற்கு முன் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே சுவரை எடுங்கள். மங்கல் படத்தின் அதே பக்கத்தில் இருந்தால்தான் கேமராவின் குற்றம். பக்கம் மாறினால், நீங்கள் சுவருக்கு நேராக நிற்கவில்லை. பழைய லென்ஸே கோணலாக இருக்கவும் கூடும். மாற்றும் முன் எடுத்த படம் அதைச் சொல்லும்.

நடுவில் வெளிறிய வட்டம்

அகச்சிவப்பு எடுப்பவர்களை மிகவும் சோர்வாக்குவது இது. படத்தின் நடுவே நிலா விழுந்தது போல ஒரு வெளிச்சத் திட்டு. நான் முதலில் பார்த்தபோது சென்சாரைத் துடைக்கக் கேமராவைத் திறந்தேன். மேலே சொன்ன தாழ்ப்பாள் அப்போதுதான் உடைந்தது.

காரணம் லென்ஸ். லென்ஸின் கண்ணாடிகளுக்குப் பூசியிருக்கும் பூச்சு கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பிரதிபலிப்பைத்தான் அடக்கும். அகச்சிவப்பு உள்ளே வந்து, கண்ணாடிகளுக்கும் குழலின் உட்சுவருக்கும் சென்சாருக்கும் இடையே முட்டி மோதி நடுவில் வந்து விழும். அதனால் விலை கூடிய லென்ஸ் நல்லது, மலிவானது கெட்டது என்று சொல்ல முடியாது. கேமராவோடு சேர்ந்து வந்த பிளாஸ்டிக் லென்ஸ் சுத்தமாக இருக்கும், பெரிய விலை லென்ஸில் திட்டு விழும்.

கண்டுபிடிக்க: மேகமில்லாத நண்பகலில் ஒரே நிறமுள்ள வெள்ளைச் சுவரை, பெரிய துளையில் தொடங்கி எஃப் 16 வரை ஒவ்வொன்றாக எடுங்கள். துளை சின்னதாகச் சின்னதாகத் திட்டு கூர்மையாகிக்கொண்டே போனால் லென்ஸ்தான். எல்லாத் துளையிலும் ஒரேமாதிரி இருந்தால் அப்போது சென்சார் பக்கம் சந்தேகப்படலாம். ஜூம் லென்ஸில் ஒவ்வொரு குவியத் தூரத்திலும் இதைச் செய்து, எங்கே சுத்தம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கேமராப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் லென்ஸ் மேல் நேராக விழாமல் மறைப்பதும் உதவும். கறுப்பு பிளாஸ்டிக் எல்லாமே அகச்சிவப்பைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சில வகை கறுப்பு பிளாஸ்டிக் அகச்சிவப்புக்குக் கண்ணாடி மாதிரி. உங்கள் லென்ஸ் ஹூடையே கேமராவுக்கு முன் பிடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

புள்ளிகளும் வளையங்களும்

வானத்தில் மங்கலான சாம்பல் புள்ளிகள் என்றால் தூசி. துளையைச் சின்னதாக்கினால் புள்ளி கூர்மையாகும், பெரிதாக்கினால் கரைந்துவிடும். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் என்றால் எஸ்எல்ஆரில் ப்ளோயரால் ஊதியே போக்கலாம். கண்ணாடிக்கும் சென்சாருக்கும் நடுவில் சிக்கியிருந்தால் திறக்க வேண்டும். நான்கைந்து புள்ளிதான் என்றால் திறக்காமல் கணினியில் அழித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எண்ணெய் நிற வளையங்கள், மலைக்குச் சமவுயரக் கோடு வரைந்தது போலத் தெரிந்தால், புதிய கண்ணாடி சென்சாரின் மேல்மூடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணாடிகள் ஒட்டி நிற்கும்போது நடுவில் உள்ள காற்றுப் படலம் இந்த வளையத்தைப் போடும். ஓரத்தில் மெல்லிய காகிதச் சட்டம் ஒன்று கொடுத்துப் பிரித்தால் போய்விடும்.

கேமரா மாற்ற எது நல்ல காலம் என்று கேட்டால் நான் கார்த்திகை, மார்கழி, தை என்பேன். மின்விசிறியை நிறுத்தினால்தான் தூசி அடங்கும். சித்திரையில் வேலூரில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், நெற்றி வியர்வை நேராகச் சென்சார் மேல் சொட்டும். உப்புக்கறை தூசியைவிடப் பிடிவாதமானது. மெதுவாகத்தான் எடுக்க வேண்டும்.

இலை மட்டும் வெந்து வெளுத்துவிடுகிறது

எஸ்எல்ஆரின் ஒளிமானி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கிறது. அதற்குப் புளியமரம் கரும்பச்சை. சென்சாருக்கு அது வெள்ளை. மானி சொன்னபடி எடுத்தால் இலையில் விவரமே இருக்காது. சிவப்புச் சேனலின் ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்து, வலது சுவரில் முட்டாதபடி ஒன்று ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள். மொத்த ஹிஸ்டோகிராம் நன்றாக இருப்பதுபோலக் காட்டி ஏமாற்றும்.

மாறாக, நல்ல வெயிலிலும் ஒரு வினாடிக்கு மேல் ஷட்டர் தேவைப்படுகிறது என்றால் பழைய தடுப்புக் கண்ணாடி இன்னும் உள்ளே இருக்கிறது. சில கேமராக்களில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், ஒன்றை மட்டும் எடுத்திருப்பீர்கள். சரியாக மாற்றிய கேமரா வெயிலில் எஃப் 8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 200-ல் கையில் பிடித்தே எடுக்கும் வேகம் தரும்.

வெள்ளைப் பொட்டுகள், மணல் தூவியது போன்ற இரைச்சல்

சென்சார் சூடாகியிருக்கிறது. வெப்பம் ஆறேழு டிகிரி ஏறினால் சென்சாரில் வெளிச்சமில்லாமலே ஊறும் மின்சாரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, அங்கே 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி போன்றவற்றில் பொருத்தும் கேமராக்களை உறைகுளிரில் வைப்பது இதற்காகத்தான். நமக்கு அவ்வளவு வேண்டாம். கேமராவை பைக் டேங்க் கவரில் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள், ஈரத்துண்டு சுற்றிய பையில் வையுங்கள் (கேமராவுக்கும் துண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் உறை), ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அணைத்துவிடுங்கள். எந்தப் படத்திலும் அதே இடத்தில் நிற்கும் பொட்டு என்றால் அது பிக்சல் கோளாறு. மூடி போட்டு எடுத்த பழைய படத்தோடு ஒப்பிட்டால் முன்பே இருந்ததா என்று தெரியும்.

கறுப்புத் துணி வெளிறுகிறது, முகம் மெழுகு போல இருக்கிறது

கோளாறில்லை. துணிச் சாயங்கள் பல அகச்சிவப்பை உறிஞ்சாது. கறுப்புப் பேன்ட் சாம்பலாகும், கறுப்புக் குடை வெளிறும். தோலுக்குள் அகச்சிவப்பு சற்று ஊடுருவிச் சிதறுவதால் முகத்தில் மரு, தழும்பு மறைந்து மெழுகுபோலத் தெரியும், கண் கருமையாகும். சில மெல்லிய துணிகள் இந்த ஒளியில் கண்ணுக்குத் தெரிவதைவிட மெலிதாகத் தெரியலாம். அதனால் கேட்காமல் யாரையும் இந்தக் கேமராவில் எடுக்கக்கூடாது. என்னிடம் கேமரா மாற்றக் கேட்டு வருபவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

எல்லாம் சரி, ஆனால் படத்தில் மாயமே இல்லை

கேமரா சரியாக இருக்கிறது, ஃபோகஸ் சரி, வெள்ளைச் சமநிலை சரி. ஆனாலும் படம் ஒரு சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படம் போலவே இருக்கிறது, ஃபில்டர் போலியோ என்று கேட்பார்கள். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டால், ஊரைச் சுற்றியுள்ள மலையைக் காட்டுவார்கள்.

நம் ஊரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் வாசகம் ஞாபகமிருக்கும்: மன்னன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். மரமில்லாத மலை இன்னும் பெரும்பாலும் அப்படியே. அகச்சிவப்பில் வெள்ளையாவது உயிருள்ள பச்சை இலை. இலைக்குள் செல்களும் காற்றிடைவெளிகளும் நெருங்கி நிற்பதால் அகச்சிவப்பு உள்ளே சிதறித் திரும்பிவிடுகிறது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910-ல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டார். இலை பனி போல் வெளுப்பதை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். வெறும் கருங்கல்லுக்கு இந்த வித்தை தெரியாது, அது கண்ணுக்குத் தெரிவது போலவேதான் தெரியும். பங்குனி, சித்திரையில் காய்ந்த புல்லும் அப்படியே.

மேகமூட்டமும் ஒரு காரணம். வானம் கறுக்க வேண்டுமென்றால் நீலவானம் வேண்டும். நீலவானத்தின் ஒளி காற்று மூலக்கூறுகள் சிதறடித்தது. நீண்ட அலையை அவை அவ்வளவாகச் சிதறடிக்காததால் அகச்சிவப்பில் வானம் இருட்டாகிறது. மேகமும் கோடைக்காலத் தூசுமண்டலமும் எல்லா அலையையும் சிதறடிக்கும், அதனால் வானம் வெளிறிவிடும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து இரண்டு வாரம் ஆகட்டும். காற்று கழுவிவிட்டது போல இருக்கும், பாலாற்றுப் பாசன ஊர்களில் நெல் நிற்கும். காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டு வரை, மற்ற போட்டோக்காரர்கள் நிழலில் ஒதுங்கும் நேரத்தில், கோட்டை அகழிக் கரைக்குப் போங்கள். அகழித் தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிக் கறுப்பாகும், அதில் பாசியோ ஆகாயத்தாமரையோ படர்ந்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாக மிதக்கும், கருங்கல் மதில் நடுச்சாம்பலில் நிற்கும், கரை மரம் வெண்ணிறத்தில் எரியும். இந்த நான்கும் ஒரே சட்டத்தில் வந்தால் உங்கள் ஃபில்டர் அசல். கேமராவைத் திறக்க வேண்டாம்.